ஒப்படைக்காத பாரா

அந்த வெள்ளிக்கிழமை ஓஷன் வியூ முன்னாள் படைவீரர் மன்றத்தில் மீன் கருகியது. வெள்ளிதோறும் அங்கே மீன் வறுவல். வறுப்பவள் டெல்ஃபின் டாலிவர். அமெரிக்கக் கடற்படையில் கயிறும் நங்கூரமுமாகப் பாதி ஆயுளைக் கழித்து, மாஸ்டர் சீஃப் பதவியோடு ஓய்வுபெற்றுக் கரையேறியவள். சீஃப் என்றால் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற ஆள். மாஸ்டர் சீஃப் என்றால் அந்த ஏச்சையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கத் தெரிந்த ஆள். அவளுடைய கைப்பக்குவம் நார்ஃபோக் நகரத்துக்கே தெரியும். அவள் மீனைக் கருகவிட்டால், யாரோ அவளுடைய வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

“என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு.”

அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாரிசெல் டும்லாவ் மறுபடி சொன்னாள். முப்பது வயதுக்காரி, இப்போதும் கப்பலில் வேலையில் இருப்பவள். “எங்க கப்பல் சீஃப் பெக்வித்த வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, மாஸ்டர் சீஃப். போன வாரமே. கையெழுத்து வாங்கிக்கிட்டு, அடையாள அட்டையப் பிடுங்கிக்கிட்டு, கேட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டாங்க. எங்களுக்கே அன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்.”

“விசில் ஊதலையா?”

“இல்ல.”

“மணி?”

“ஒண்ணுமே இல்ல. அவர் பாட்டுக்கு நடந்து போயிருக்காரு.”

டெல்ஃபின் கரண்டியை வீசியெறிந்தாள். அது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. கடற்படையில் ஒருவர் விடைபெறும்போது, கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். கப்பல் மணி அடிப்பார்கள். விசில் ஊதுவார்கள். போகிறவர் அந்த வரிசைகளுக்கு நடுவில் நடந்து கரையேறுவார். ‘உங்கள் பாராவை, உங்கள் காவல் பொறுப்பை, நாங்கள் ஏற்றுக்கொண்டோம், நீங்கள் போகலாம்’ என்று ஒருவர் சொல்லுவார். காலமெல்லாம் முட்டையைத் தீய்த்த சமையல்காரனுக்கும் அந்த மரியாதை உண்டு. குடித்துவிட்டுக் கடலில் விழுந்தவனுக்கும் உண்டு. லைல் பெக்வித்துக்கு இல்லையாம்.

ஏன் அனுப்பினார்கள் என்று அவள் கேட்கவில்லை. லைல் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதிவிட்டார்கள். அவன் ஆணாக வாழ்கிறான். அவனைப் போன்ற திருநம்பிகள், திருநங்கைகள் யாரும் இனிப் படையில் இருக்கக் கூடாது என்று மேலிடத்து ஆணை வந்திருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் இருக்கலாம் என்று சொன்னதும் அதே மேலிடம்தான். அதை நம்பி வாய் திறந்தவர்கள்தான் இப்போது முதலில் அகப்பட்டார்கள். பேசாமல் இருந்தவர்கள் இன்னும் பேசாமல் இருக்கிறார்கள்.

லைல் முதன்முதலாகக் கப்பலேறியபோது அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் டெல்ஃபின். அப்போது அவன் ஒல்லியான ஒரு பெண்பிள்ளை, உலகத்தின் கணக்கில். கப்பலிலோ யாருக்கும் முதல் பெயரே கிடையாது. பெக்வித் என்றால் பெக்வித், அவ்வளவுதான். பல வருடம் கழித்து ஒரு நாள் நடுராத்திரியில் போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னான். டெல்ஃபின் குறுக்கிடாமல் கேட்டு முடித்தாள். பிறகு, “அப்போ உன்னை நான் எப்படிக் கூப்பிடணும்?” என்று கேட்டாள். “பெக்வித்னுதான், மாஸ்டர் சீஃப்.” “அதுக்கா இந்த நேரத்துல போன் பண்ணுன?” என்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கப்பலின் அடித்தளத்தில் தீப்பிடித்தபோது உள்ளே போனவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அது போதும் என்று இருந்துவிட்டாள்.

“நாளைக்கு மறுநாள் ஞாயித்துக்கிழம இங்க மன்றக் கூட்டம் இருக்கு. அதனால நாளைக்கே, சனிக்கிழம மத்தியானமே அவனுக்கு வழியனுப்பு வெச்சுக்கலாம்” என்றாள் டெல்ஃபின் மாரிசெல்லிடம். “இந்த ஹாலுலயே. மணி இருக்கு. விசில் எங்கிட்ட இருக்கு. நாமளே அனுப்பி வெப்போம்.”

“நானும் வரேன், மாஸ்டர் சீஃப்.”

“நீ வரக் கூடாது. யூனிஃபார்ம் போடுற ஆளுங்க யாரும் இதுல தலையக் காட்ட வேணாம். உன் வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத் தூக்கம் வராது. நாங்கல்லாம் கரையேறின கெழங்கட்டைங்க. எங்கள யாரு என்ன பண்ணிட முடியும்?”

மாரிசெல் கருகிய மீனை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

மன்றத்துக்குத் தலைவர் ஹாஸ்கல் டூலி. எழுபது தாண்டிய மனிதர். அவர் சம்மதிக்காமல் அந்த ஹாலில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த முடியாது. அவருடைய தட்டில் நல்ல மீனாகப் பார்த்து மூன்று துண்டு வைத்துவிட்டு டெல்ஃபின் விஷயத்தைச் சொன்னாள்.

“அரசியல் வேணாம்மா, டெல்ஃபின். இந்த ஹாலுக்குள்ள அது மட்டும் வேணாம்.”

“அரசியல் எங்க வந்துச்சு? ஒருத்தன் கப்பல்ல வேலை பாத்தான். இறங்கிட்டான். விசில் ஊதி அனுப்பணும். அவ்வளவுதான்.”

“அந்தப் பொண்ணு… அந்தப் பையன்… எனக்கு இதெல்லாம் பிடிபடலம்மா.”

“உனக்கு உன் டிவி ரிமோட்டே பிடிபடல. அதுக்காக டிவிய வீட்ட விட்டுத் துரத்திட்டியா?”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். டூலியின் காது சிவந்தது.

“நான் சொல்றதக் கேளு. மத்தவங்க என்ன சொல்லுவாங்க?”

“நீ கரையேறின அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன், டூலி. மூக்கு முட்டக் குடிச்சிட்டு வந்து, கேப்டனுக்கு வெக்க வேண்டிய சல்யூட்டக் கொடிக்கம்பத்துக்கு வெச்ச. யாராவது விசில நிறுத்துனாங்களா? ஊதித்தானே அனுப்புனாங்க?” அவருடைய தட்டை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அவன் இந்த வாசல்ல நுழையக் கூடாதுன்னா, அடுத்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து நீயே மீன் வறுத்துக்க.”

டூலி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த நெருப்புல பதினோரு பேர வெளிய கொண்டாந்தது அந்தப் பையன்தானே?” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“சரி, தட்டக் குடு. வரிசையில நானும் நிக்கிறேன். ஆனா ரொம்ப நேரம் நிக்க வெக்காத. முட்டி தாங்காது.”

மறுநாள் காலையில் லைலைத் தேடிப் போனாள். அவன் வீட்டில் இல்லை. மாரிசெல் சொன்ன இடத்தில் இருந்தான்: கடலோரத்தில், தூண்டில்காரர்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில், தன்னுடைய பழைய டிரக்குக்குள். அங்கிருந்து பார்த்தால் கப்பல்கள் போகிற வழி தெரியும். டெல்ஃபின் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“என்னடா பண்ற இங்க?”

“ஒண்ணுமில்ல, மாஸ்டர் சீஃப்.”

“ஒண்ணுமில்லாததுக்கா இப்படி ஷேவ் பண்ணி, பூட்ஸ் பாலிஷ் போட்டு உக்காந்திருக்க?”

லைல் தன் காலைக் குனிந்து பார்த்தான். பூட்ஸ் பளபளவென்றுதான் இருந்தது. அவனுக்கே அது இப்போதுதான் தெரிந்த மாதிரி முகம் போயிற்று.

“மலைப் பக்கம் ரோனோக் ஊர்லேர்ந்து எனக்கு போன் வந்துச்சு” என்றாள் டெல்ஃபின். “தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியாம். பெக்வித் எப்படி ஆளுன்னு விசாரிச்சாங்க. நானும் புளுகினேன். கெட்டிக்காரன், சொன்னபடி கேப்பான்னு சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கிழமைக்குள்ள நீ பதில் சொல்லலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம். நீ போனையே எடுக்கிறதில்லையாம்.”

“எடுக்கணும்.”

“எப்ப?”

அவன் கடலைப் பார்த்தான். சாம்பல் நிறக் கப்பல் ஒன்று மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தது. அவனுடைய கப்பல் இல்லை. ஆனாலும் அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தான்.

“முத வாரமே ஒண்ணு சொல்லிக் குடுத்தீங்க, மாஸ்டர் சீஃப். பாராவுல நிக்கிறவன், மாத்த ஆள் வந்து முறையா ஏத்துக்கிற வரைக்கும் எடத்த விட்டு நகரக் கூடாதுன்னு. மழையோ புயலோ, நிக்கணும்னு. என்னை யாரு மாத்துனாங்க? ஒரு குமாஸ்தா பேனாவ நீட்டுனான். அவனுக்கு என் கப்பல் எந்தப் பக்கம் நிக்குதுன்னே தெரியாது. நான் எதையும் யார்கிட்டயும் ஒப்படைக்கல. எப்படிக் கெளம்பிப் போறது?”

“அதனால இங்கயே உக்காந்திருக்கப் போறியா?”

“பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா விடியக்கால முழிப்பு வந்துடுது. கால் தானா இங்க கொண்டாந்துருது.”

இப்படி வண்டிக்குள் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த சிலரை டெல்ஃபின் அறிவாள். அவர்களில் இரண்டு பேரை அடுத்த தடவை சவப்பெட்டிக்குள் வைத்துத்தான் பார்த்தாள். மனதில் வந்ததை வாய்விட்டுச் சொல்லப் பயந்து, கோபத்தைக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

“மத்தியானம் ஹாலுக்கு வா. விசில் ஊதி அனுப்புறோம். ஆள் சேத்துட்டேன்.”

“வேணாம், மாஸ்டர் சீஃப். அது ஓய்வு வாங்குறவங்களுக்கு. நான் ஓய்வு வாங்கல.”

“சரி, விசில் கெடக்கட்டும். மீன் சாப்பிட வருவியா, மாட்டியா?”

லைல் முதல் தடவையாகச் சிரித்தான். “மீனுக்குன்னா வரேன்.”

அவன் வேண்டாம் என்று சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. கௌரவம் பார்க்கிறான், ஆட்களைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று நினைத்தாள். பெரிய மனிதர்கள் சின்னவர்களின் பேச்சைப் பாதி கேட்டுவிட்டு மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்களே, அப்படி.

மத்தியானம் ஹால் நிறைந்திருந்தது. டெல்ஃபின் எட்டுப் பேரைப் பக்கத்துக்கு நான்காக நிறுத்தினாள். ஒருவருக்கு இடுப்பு பெல்ட் வயிற்றுக்குக் கீழே நழுவிக்கொண்டிருந்தது. இன்னொருவர் ஊன்றுகோலை மறைத்து வைத்துவிட்டுத் தள்ளாடினார். டூலி மட்டும் மார்பு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். எல்லோரும் கரையேறி வருடக்கணக்கானவர்கள்.

லைல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். வரிசையைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். டெல்ஃபின் விசிலை வாயில் வைத்து ஊதினாள். மணி அடித்தது. எட்டுக் கைகள் நெற்றிக்குப் போயின. லைல் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

விசில் ஓய்ந்தது. சல்யூட் வைத்த கைகள் நெற்றியிலேயே இருந்தன. அவன் நடந்து முடிக்கும்வரை அவற்றை இறக்க முடியாது.

“நடடா” என்றாள் டெல்ஃபின் பல்லைக் கடித்துக்கொண்டு.

“முடியல, மாஸ்டர் சீஃப்.” குரல் கெஞ்சியது. “தப்பா நெனைக்காதீங்க. ஒவ்வொருத்தரையும் கும்பிடலாம் நான். ஆனா நீங்கல்லாம் உங்க பாராவ எப்பவோ ஒப்படைச்சிட்டு வந்தவங்க. கரையில இருக்கிற ஆளுங்க என் பாராவ எப்படி வாங்கிக்க முடியும்? இப்ப இது வழியா நடந்தா, யாருமே இல்லாத எடத்துல பாராவப் போட்டுட்டு வந்தவன் ஆயிடுவேன்.”

அவன் சொன்னதில் பிழை இல்லை என்பது அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே இருந்து பார்த்தால் வெறும் வறட்டுப் பிடிவாதம். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் அதே பாடத்தில் வளர்ந்தவர்கள். டெல்ஃபினுக்கு அப்போதுதான் உறைத்தது. மாரிசெல்லைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, பாராவை வாங்கிக்கொள்ள உரிமையுள்ள ஒரே ஒருத்தியை வராதே என்று விரட்டியிருக்கிறாள். நேற்றிலிருந்து ஊரைக் கூட்டியும் அவனுக்கு வேண்டியதை அவள் செய்யவில்லை. அவமானமாக இருந்தது.

கதவு மறுபடி திறந்தது. மாரிசெல் டும்லாவ் உள்ளே வந்தாள். கடற்படையின் கறுப்புச் சீருடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. யாரையும் பார்க்காமல் நேராக லைலின் முன்னால் போய் நின்று சல்யூட் வைத்தாள்.

“சீஃப், உங்க பாராவ ஏத்துக்கத் தயாரா இருக்கேன்.”

“டும்லாவ், வீட்டுக்குப் போ. இந்த டிரஸ்ல உன்னை யாராவது இங்க பாத்தா—”

“பாத்துட்டுப் போகட்டும். உங்க எடத்துக்கு இன்னும் யாரையும் போடல. வேலைய நான்தான் பாக்குறேன். பாராவ ஏத்துக்கத் தயாரா இருக்கேன், சீஃப். நெலவரம் சொல்லுங்க.”

பாரா மாற்ற வந்தவர் நிலவரம் கேட்டால் சொல்லியாக வேண்டும். மறுக்க வழியில்லை. எத்தனையோ வருடமாக ஊறிப்போன பழக்கம் அவனுடைய முதுகை நிமிர்த்தியது. அவன் பதில் சல்யூட் வைத்தான். சொல்ல ஆரம்பித்தபோது குரல் தெளிவாக இருந்தது.

“ரெண்டாம் நம்பர் தீயணைப்பு பம்ப். வால்வு பாதி தொறந்ததும் சிக்கும். முரட்டுத்தனமா திருகாத. கொஞ்சம் பின்னுக்கு விட்டுட்டு அப்புறம் திருகணும்.”

“பின்னுக்கு விட்டுத் திருகணும்” என்று மாரிசெல் திருப்பிச் சொன்னாள். சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு.

“பின்பக்கக் கதவுல ரப்பர் தேஞ்சு கெடக்கு. தண்ணி உள்ள வந்தா நிக்காது. மாத்தச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். இனிமே நீ கேளு. கத்திக் கேளு.”

“கத்திக் கேக்குறேன்.”

டூலி சல்யூட்டை விடாமலே களுக்கென்று சிரித்தார். லைலும் லேசாகச் சிரித்தான்.

“நம்ம கிரேடி பையனோட அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. லீவு கேக்கக் கூச்சப்படுவான். நீயா கூப்பிட்டு அனுப்பி வெய்.”

“நானா கூப்பிட்டு அனுப்புறேன்.”

லைல் நிறுத்தினான். முடிந்துவிட்டது என்று டெல்ஃபின் நினைத்தாள். முடியவில்லை.

“இன்னொருத்தங்க இருக்காங்க” என்றான். “பேரு சொல்ல மாட்டேன். என்னை மாதிரிதான். யார்கிட்டயும் சொன்னதில்ல, எங்கிட்டகூடச் சொன்னதில்ல. ஆனா எனக்குத் தெரியும். நான் போனதுக்கப்புறம் பயந்து போயிருப்பாங்க. நீ தேடிக் கண்டுபிடிக்க வேணாம். கேக்கவும் வேணாம். சாப்பாட்டு நேரத்துல யாராவது தனியா உக்காந்திருந்தா, உன் தட்ட எடுத்துக்கிட்டுப் போயி பக்கத்துல உக்காரு. யாரா இருந்தாலும் சரி. வேற எதுவும் பேச வேணாம்.”

இந்தத் தடவை மாரிசெல் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள்.

“யாராவது தனியா உக்காந்திருந்தா பக்கத்துல போயி உக்கார்றேன். யாரா இருந்தாலும்.”

“அவ்வளவுதான். ஒப்படைக்கத் தயாரா இருக்கேன்.”

“பாராவ ஏத்துக்கிட்டேன், சீஃப்.”

அவன் இன்னும் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். தீக்குள் போய் வந்தவன், கையெழுத்துப் போட்ட அன்று கலங்காதவன், இப்போது எல்லோர் முன்னாலும் அழுதான். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. கடைசியில் சொன்னான்.

“பாரா ஒப்படைச்சாச்சு.”

பிறகு இரண்டு வரிசைக்கும் நடுவில் நடந்தான். டெல்ஃபின் ஊதிய விசில் பாதியில் உடைந்து பிசிறடித்தது. வெட்கப்படாமல் மறுபடி ஊதினாள். அவன் கடைசி ஆளைத் தாண்டியதும் எட்டுக் கைகளும் இறங்கின. ஊன்றுகோல்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “என் முட்டி போச்சு, பெக்வித். நீ எனக்கு ஒரு பீர் கடன்” என்றார் டூலி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மீன் சாப்பிட உட்கார்ந்தபோது லைல் போனை எடுத்து மேசைமேல் வைத்தான். “ரோனோக்ல குளிர் அதிகமா இருக்குமா, மாஸ்டர் சீஃப்?” என்று கேட்டான். “நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்க” என்றாள் அவள். மேலிடத்தின்மீது அவளுக்கிருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. குறைய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் காலையிலிருந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பயம் போயிருந்தது.

மாரிசெல் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போவதைப் பார்த்து எழுந்து ஓடினாள்.

“உன்னை வராதேன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுக்க. யாராவது கேட்டா என்ன சொல்லப் போற?”

“பாரா மாத்தப் போனேன்னு சொல்லுவேன்.”

“அவங்க சும்மா விடுவாங்களா?”

“தெரியல, மாஸ்டர் சீஃப்.”

“இரு, ரெண்டு துண்டு மீனாவது தின்னுட்டுப் போ.”

“இல்ல, நான் கப்பல்லயே சாப்பிடணும்” என்றாள் மாரிசெல். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “சாப்பாட்டு நேரம் ஆகப் போகுது” என்று வேகமாக நடந்தாள்.